மலைவீட்டுக்குப் போகுமுன்

இயேசு மரி சூசை துணை

சண்டிலிப்பாய்,
12.07.1992

அன்புள்ள மகன் அடைக்கலநாதனுக்கு,

அம்மா எழுதுவது. இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கிற நேரம் நீயும் ஸ்ரெல்லாவும் அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அடைக்கல மாதாவை மன்றாடுகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் நோவு முன்னைப்போலத்தான், எனக்குச் சுகம். தங்கச்சி றோசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், அதை நீ தனியாக இருந்து வாசி, ஸ்ரெல்லா பக்கத்தில் இருந்தால் இந்தத் தாளை இப்போதே மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிடு, வேலைக்குப் போகிற வழியில் வாசிக்கலாம். அப்பா இதை உனக்கு எழுதவே வேண்டாம் என்றவர், 'தூர இருக்கிற பிள்ளையை ஏன் கலங்கப்பண்ணுறாய்' என்று என்னோடு கோபித்தவர். எழுதாமல் விட்டால் நீ அந்த மலைவீட்டுக்கு ஸ்ரெல்லாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

நீ வைகாசியில் எழுதிய கடிதம் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்த ஒருவரின் கையில் கிடந்து போன கிழமைதான் வந்து சேர்ந்தது. மார்செய் பட்டினத்தில் இப்போது இருக்கிற நாலாம் மாடி வீட்டில் சுவரெல்லாம் ஈரம், ஏறி இறங்க லிஃப்ட் இல்லை, கீழ் வீட்டில் ஓயாத சண்டை, ஆனால் படியால் இறங்கினால் பஸ்ஸும் நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரெயினும் கோயிலும் ஆஸ்பத்திரியும் நடைதூரம் என்று எழுதியிருக்கிறாய். மற்றது தூலோனுக்கு மேலே மலையில் இருக்கிற கிராமம், அதன் பெயரை அப்பாவும் நானும் மாறி மாறி எழுத்துக் கூட்டிப் பார்த்தும் வாயில் வரவில்லை. தோட்டத்தோடு இரண்டு அறை, நல்ல வெயில், வாடகையும் குறைவு, உன் புது வேலை கீழே கடற்கரை ஹோட்டல் குசினியில், பஸ் காலையில் ஒன்று பின்னேரம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. ஆனபடியால் முதலாளியின் பழைய றெனோ காரை எடுக்கப்போகிறாய், லைசென்சும் எடுத்துவிட்டாய். 'கார் இருந்தால் பிறகென்ன அம்மா, எல்லா இடமும் பக்கம்தான்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி வந்ததும் அப்பா கடிதத்தை என் மடியில் வைத்துவிட்டு எழும்பி வெளியே போய்விட்டார். மிச்சத்தை நான்தான் வாசித்தேன். கடிதத்தின் கரையில் ஸ்ரெல்லாவும் இரண்டு வரி எழுதியிருந்தாள், 'மாமி, வீடு வடிவுதான், ஆனா நாங்கள் பாக்கப்போன அண்டைக்கு றோட்டிலை ஒரு சனத்தையும் காணேல்லை' என்று. நீ அதைக் கவனித்தாயோ தெரியாது, நான் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நாங்கள் குருநகரை விட்டு வந்தது உனக்குத் தெரியும். நத்தாருக்குப் பிறகு ஆமி அடித்த செல் பக்கத்து வளவில் விழுந்து எங்கள் குசினிச் சுவரும் வெடித்ததால், றோசும் வயிற்றுப்பிள்ளையோடு இருக்கிறாள் என்று இங்கே சண்டிலிப்பாயில், கொழும்புக்குப் போய்விட்ட ஒருவரின் வீட்டுக்கு வந்தோம். செல் வராத இடம், வீடும் பெரிது, ஆனால் பெரியாஸ்பத்திரி தூரம். குருநகரில் இருந்தால் நடந்தே போயிருக்கலாம். அப்போதும் நான் அப்பாவிடம் அவ்வளவு தூரம் போகவேண்டுமோ என்று கேட்டேன், 'கார் நிக்குதெல்லோ, ஏன் யோசிக்கிறாய்' என்றார். நீ எழுதினாயே, அதே கதைதான். பஸ் நிலையத்தடியில் அவர் வாடகைக்கு ஓடின ஒஸ்ரின் கார்தான், கொண்டுவந்து முற்றத்து மாமரத்துக்குக் கீழே விட்டிருந்தார். பெற்றோல் இங்கே இப்போது மருந்துபோல, கார் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது, ஸ்ராட் எடுக்க மட்டும் பெற்றோலைப் பிள்ளைகள் பால் குடிக்கிற சூப்பிப் போத்தலில் வைத்து எஞ்சினுக்குள் நாலு துளி விடவேண்டும். றோசின் பிள்ளைப்பேற்றுக்கென்று அப்பா தாங்கியில் மண்ணெண்ணெயும் போத்தலில் பெற்றோலும் ஒதுக்கி வைத்துவிட்டு, அது குறையக்கூடாது என்று தான் எங்கே போனாலும் சைக்கிளில்தான் போனார்.

ஆனி மாதம் ஒரு காலை, குருநகர் வீட்டின் கதவு நிலைகளை யாரோ கழற்றுகிறார்கள் என்று ஆள் வந்து சொல்ல, அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். றோசுக்கு இன்னும் நாள் இருந்தது. அவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் செல்லடி தொடங்கி, பங்கருக்குள் இறங்கியவர் வெளியே வர வழியில்லை. இங்கே றோஸ் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவள் அப்படியே குந்தினாள், பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. மருத்துவிச்சி நல்ல மனிசி, சொன்ன உடனே சைக்கிளில் வந்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது. 'பிள்ளை குறுக்கை கிடக்கு அம்மா, வீட்டிலை வைச்சுப் பாக்கேலாது, உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, உதிலை கார் நிக்குதெல்லோ' என்றார். மகனே, கார் நின்றது. எண்ணெய் இருந்தது. சாவி மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. ஓடத்தான் ஒருவரும் இல்லை. றோசின் புருஷன் கனிசியஸ் வேலை என்று வவுனியாவில், பாதை இல்லாமல் அங்கேயே அகப்பட்டுப்போனான். நான் ஒழுங்கை முழுக்க ஓடி ஒவ்வொரு படலையிலும் கத்தினேன், கார் ஓடத் தெரிந்த ஓர் ஆம்பிளை அன்று அகப்படவில்லை. திரும்பி வந்தபோது றோஸ் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்று 'அம்மா, சாவியைப் போட்டு நீங்களே திருப்புங்கோ' என்று அழுதாள். நானும் ஏறி இருந்து திருப்பினேன். ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் நின்ற வாழையை முறித்துக்கொண்டு கார் நின்றது, பிறகு எத்தனை தரம் திருப்பியும் இருமிற சத்தம் மட்டும்தான். இவ்வளவு காலமும் அந்தக் காரின் முன் ஆசனத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்து கோயிலுக்கும் கலியாணவீட்டுக்கும் போனவள் நான், எந்தக் காலால் எதை மிதிக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

பக்கத்து வளவில் சிவக்கொழுந்து என்று ஒரு மனிசி இருக்கிறார். நாங்கள் வந்த நாளிலிருந்து தன் கிணற்றில் எங்களை அள்ள விடுவதில்லை, கரையோரச் சனம் என்று, தானே அள்ளி எங்கள் குடத்துக்குள் உயரத்திலிருந்து ஊற்றுவார். அந்த மனிசிதான் வேலிக்கு மேலால் இதெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றவர், உள்ளே திரும்பித் தன் புருஷன் தியாகராசாவை வண்டில் பூட்டச் சொன்னார். அவர் 'மேலை ஹெலி சுத்துது, மாடு மிரண்டால் என்ன செய்யிறது' என்று இழுத்தார். 'ஒரு பெண்பிறப்புச் சாகப்போகுது, நீங்கள் மாட்டைப் பற்றிக் கதைக்கிறியள்' என்று சிவக்கொழுந்து போட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. வைக்கோலைப் பரப்பி, அதற்கு மேல் தன் வீட்டுப் பாயையும் விரித்து, றோசின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவரே ஏறி இருந்தார். நான் கால்மாட்டில் இருந்தேன். மானிப்பாய் தாண்டும் மட்டும் செபமாலை சொன்னேன், அதற்குப் பிறகு றோசின் காலைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆனைக்கோட்டையில் ஹெலி தாழ்ந்து வந்து சுட்டுக்கொண்டு போக, தியாகராசா மாடுகளை ஒரு மரத்துக்குக் கீழே இழுத்து நிறுத்தினார். அது போய், திரும்பி வந்து, மறுபடி போகும் வரையும் அங்கேயே நின்றோம். றோஸ் கத்தவில்லை, அந்த மனிசியின் கையை இறுக்கிப் பிடித்தபடி கிடந்தாள். பிறகு வண்டில் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் என்னைப் பார்த்து 'அம்மா, ஆடேல்லை' என்றாள். நான் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, 'ஆடுது பிள்ளை, கொஞ்சம் பொறு' என்று பொய் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் உடனே வெட்டி எடுத்தார்கள். றோஸ் தப்பிவிட்டாள், இரத்தம் நிறையப் போய்விட்டது, பிள்ளையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. ஆண்பிள்ளை, முகம் கனிசியஸ்தான். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் இரண்டு உயிரும் தப்பியிருக்கும் என்று டாக்குத்தர் சொன்னார், குற்றமாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குச் சொன்னார். பின்னேரம் அப்பா ஆஸ்பத்திரிக்கே சைக்கிளில் வந்து சேர்ந்தார், யாரோ வழியில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாள் சேமக்காலையில் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் நேராகக் காரடிக்குப் போய், மூடியைத் திறந்து நாலு துளி பெற்றோல் விட்டுத் திருப்பினார். முதல் தரத்திலேயே ஸ்ராட் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை, வெளியே வந்து பார்த்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்ரியறிங்கில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார். கனிசியசுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. றோஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள், எழும்பி நடக்கிறாள், முதலில் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது 'அப்பா, எங்களுக்குக் கார் ஓடப் பழக்குங்கோ' என்றாள். அப்பா திகைத்துப்போய் 'ஊர் சிரிக்கும் பிள்ளை' என்றார். 'சிரிக்கட்டும், அண்டைக்கு அழுதது ஊரோ நாங்களோ' என்று கேட்டாள். அவர் எழும்பிப் போய் மாதா படத்துக்குப் பின்னால் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவளுக்குத் தையல் ஆற வேண்டும், ஆனபடியால் இப்போது பழகுவது நான். நீ சிரிப்பாய், சிரி. எண்ணெயை வீணாக்க முடியாது என்று அப்பா எஞ்சினை ஸ்ராட் எடுக்காமலே கிளச்சும் கியரும் பிறேக்கும் காட்டித் தருகிறார், பின்னேரங்களில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற காருக்குள் இருந்து மிதிக்கிறேன். ஒரு நாள் மட்டும் உண்மையாகவே ஸ்ராட் எடுத்து ஒழுங்கை முடிவு மட்டும் ஓடினேன், திருப்பத் தெரியாது, அவர்தான் திருப்பிக்கொண்டு வந்தார். சிவக்கொழுந்து வேலியில் நின்று 'உந்த வயசிலை உனக்கு உது தேவையோ' என்றார், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'உதிலை நிப்பாட்டுறது எது' என்று கேட்டார். தண்ணீர் இன்னமும் அவர்தான் அள்ளி ஊற்றுகிறார், கயிற்றைத் தொட விடவில்லை. ஆனால் றோசுக்குப் பத்தியக்கறி வைத்துத் தன் வீட்டுச் சட்டியோடு கொண்டுவந்து தருகிறார். மனிசரை இதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கேள். மலைவீடு கூடாது என்று நான் சொல்லவில்லை, ஈரச் சுவரும் நாலாம் மாடிப் படியும் பிள்ளைக்கு நல்லதல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ கணக்குப் பார்த்தது உன் காரை, உன் வேலையை. காலையில் நீ அந்தக் காரில் இறங்கிப் போனால் மலையில் இருக்கிற ஸ்ரெல்லாவுக்குக் கார் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். நீ காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போனாலும் அவளுக்கு ஓடத் தெரியாவிட்டால் அது எங்கள் முற்றத்தில் நின்ற கார்தான். ஆகவே மார்கழியில் பிள்ளை பிறக்கும் மட்டும் மார்செயிலேயே இருங்கள், புது வேலைக்குத் தூரமென்றாலும் நீ ரெயினில் போய் வா, ஈரச் சுவருக்கு நெருப்புப் போட்டுக் காயவை, கீழ் வீட்டுக்காரர் சண்டை பிடித்தாலும் பரவாயில்லை, கத்தினால் ஏறி வர ஆள் இருக்கிறது என்று நினை. பிள்ளை பிறந்து அவள் உடம்பு தேறின பிறகு அவளைக் கார் பழக விடு, லைசென்ஸ் அவள் பெயரில் வந்த பிறகுதான் மலையைப் பற்றி யோசி. பாஷை தெரியாது என்று சாட்டுச் சொல்லாதே, உனக்கும் வரும்போது தெரியாது. போனபிறகும் பக்கத்து வீட்டுக்காரர் முகம் பார்க்காவிட்டாலும் நீங்களாகப் போய்க் கதையுங்கள், யார் எந்த நேரம் வண்டில் பூட்டுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. வீட்டுக்காரர் அதுவரை பொறுக்கமாட்டார் என்றால் வேறு ஆளுக்குக் கொடுக்கட்டும், மலை எங்கேயும் ஓடிப்போகாது.

றோசுக்கு நீ எழுதும்போது ஆறுதல் ஒன்றும் எழுதாதே, எல்லாரும் சொல்லக் கேட்டுக் களைத்துவிட்டாள், நீ கார் பழகின கதையை எழுது, எங்கே இடித்தாய், எப்படித் தப்பினாய் என்று, அவள் அதைத்தான் கேட்பாள். ஸ்ரெல்லாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியும் மட்டும் இங்கே நடந்தது தெரியக்கூடாது, றோசுக்குச் சுகம் என்று மட்டும் சொல், அது பொய்யல்ல. குளிருக்குக் காலுறை போடாமல் படியில் இறங்க விடாதே, பாரம் தூக்க விடாதே. அப்பா உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போடச் சொன்னார், நானும் போடுகிறேன், மூன்றாவது சிலுவை வயிற்றில் இருக்கிறவருக்கு. ஆண்டவர் உங்களைக் கைவிடமாட்டார். முக்கியமாக ஒன்று, மலைவீட்டின் படம் எடுத்து அனுப்பப் போவதாக எழுதியிருந்தாய், அது வேண்டாம். ஸ்ரெல்லா சாவியைப் போட்டு ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிற படம் ஒன்று அனுப்பு, நீ பக்கத்து ஆசனத்தில் இரு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
லூர்த்தம்மா சந்தியோகு