இல்லாத மகனுக்கு ஒரு முத்தம்

மண்டபம்

அன்புள்ள மச்சானுக்கு,

துபாய்க்குத் திரும்பும் ஹசன் அலியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் முகநூல் கணக்கை யாரோ களவாடிவிட்டார்கள். கிரிப்டோ அனுப்பினால் இரட்டிப்பாகத் திரும்பும் என்று உங்கள் படத்தோடு போட்டிருக்கிறார்கள்.

"எங்க அண்ணன் பொய்யா சொல்லும்?" என்று உங்கள் தங்கை அஸ்பியா வளையலை விற்கக் கிளம்பிவிட்டாள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. "நம்ம மகன்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்று அந்தக் கணக்குக்கு எழுதினேன். "என் முத்தத்தைக் கொடு" என்று பதில் வந்தது. அஸ்பியாவிடம் காட்டினேன்.

"மைனி, ஒங்களுக்கு ஏது மகன்?" என்றவள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வளையல் தப்பியது.

ஆனால் உங்கள் போன் ஏன் அணைந்தே கிடக்கிறது? யாருடைய போனிலிருந்தாவது கூப்பிடுங்கள். எனக்கு உங்கள் குரல் கேட்க வேண்டும். அந்தப் பதிலைப் படித்த ஒரு நொடி, நான் சந்தோஷப்பட்டுவிட்டேன் மச்சான்.

உங்கள் மனைவி