மூன்றாம் மாடி வீட்டுச் சாவி

அண்ணா,

நலமா என்று கேட்கமாட்டேன். நேற்று பட்டப்பகலில் உன் குறட்டை மாடிப்படி வரை கேட்டது. நலமாகத்தான் இருக்கிறாய்.

அந்தப் படியில் வீட்டுக்காரர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க?”

“அண்ணன் தூங்குறாரு மேடம். எழுந்ததும் கூப்பிடுவாரு.”

யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர். யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் அரசு அவருக்கு வீட்டைக் கொடுத்ததோடு, அவரைக் கவனிக்கிற பொறுப்பையும் எங்கள் அலுவலகத்திடம் கொடுத்தது. “நாலு நாள் தங்கிக்கிறேன், அவருக்கும் துணையா இருக்கும்” என்றாய். நானே கூட்டிப்போய் விட்டேன். ஏழு மாதம் ஆகிறது.

எங்கள் ஆய்வுப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘உங்கள் விருப்பமில்லாமல் யாராவது வீட்டில் தங்கியிருக்கிறார்களா?’ குடியிருப்பவரைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். போன மாதம் அவரிடம் கேட்டபோது நீ கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டு “இல்ல மேடம்” என்றார். நானும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவிடம் போய் அழுவாய். “கூடப் பொறந்தவனையே காட்டிக் கொடுத்துட்டாளே” என்பாள். சொல்லட்டும். இன்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் உன் பெயருக்கு அடுத்தது என் பெயர். வேலை போனால் போகட்டும்.

நாளை பத்து மணிக்குப் போலீசோடு வருகிறேன். அதற்குள் சாவியை அவர் கையில் கொடுத்துவிடு. கதவை அவரே திறக்கட்டும்.

உன் தங்கை