மூடி பொருந்தாத துப்பாக்கி குறித்துக் கொடுங்குன்றத்தார் விடுத்த ஓலை

மழை பொய்யாதிருக்க. குடி குறையாதிருக்க. கோல் வளையாதிருக்க.

கொடுங்குன்ற நாட்டின் பன்னிரு முகடுகளுக்கும் உரியவரும், முகட்டம்மனின் முதல் வேட்டை உரிமையைப் பதினான்கு தலைமுறையாகக் கைக்கொண்ட குடியில் பிறந்தவரும், அறுபத்தெட்டு அகவை நிறைந்தும் பிறர் தோள் பற்றி நடவாதவருமான வேளான் பெருஞ்சாத்தனாகிய யாம், மணற்றுறைப் பேரரசின் ஆயுதச்சாலைத் தலைவர் ஏனாதி நல்லியக்கனாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறைகளில் கலங்கள் நிறைக. உம் மன்னரின் குடை நிழல் நீள்க. உம் உலைகளில் நெருப்பு அவியாதிருக்க. உம் இல்லத்தார் நலமே வாழ்க.

உம் சாலைக்கு யாம் விடுக்கும் ஐந்தாவது ஓலை இது. முதல் நான்கையும் நீர் கண்ணுற்றீரோ, அவை உம் எழுத்தர்களோடு நின்றுபோயினவோ அறியோம். ஒன்றை இருமுறை சொல்லும் வழக்கம் எம் குடிக்கு இல்லை. ஆயினும் நடந்ததை முதலிலிருந்து சொல்லுகிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், உம் சாலையில் செய்த வேட்டைத் துப்பாக்கி ஒன்றை யாம் பெற்றோம். விலையாக எம் வாயிலில் நின்ற யானையைக் கொடுத்தோம். அந்த யானையின் மேல் குறை சொல்லி உம்மிடமிருந்து இதுவரை ஓர் ஓலையும் வந்ததில்லை என்பதை இங்கே குறிப்பிடுகிறோம். துப்பாக்கி பட்டுறையில் வந்தது. குழலில் வெள்ளிக் கொடி ஓடியது. எம் பெயர் பொறித்திருந்தது. அதைத் தோளில் ஏந்தியபோது, எம் தந்தையார் இருந்து பார்த்திருக்கலாகாதா என்று எண்ணினோம்.

அவ்வாண்டு ஐப்பசியில் முதல் குறை தெரிந்தது. விசையை இழுத்தால் கல் பொறி தட்டியது. பொறி விழும் கிண்ணியில் இருந்த மருந்து பற்றவில்லை. சில வேளை பற்றியும், ஒரு மூச்சு விட்டு முடிந்த பின்னரே குழல் வெடித்தது. அதற்குள் மான் அடுத்த முகட்டுக்குப் போய்விட்டிருந்தது. முதல் ஓலை விடுத்தோம். எம் ஓலை வரிசையில் வைக்கப்பட்டது என்று இரண்டு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. எந்த வரிசை, எத்தனையாவது இடம் என்று அதில் இல்லை.

இரண்டாம் ஓலையோடு துப்பாக்கியையும் எம் ஆள் தென்னன் வசம் அனுப்பினோம். ஈரக் காற்றில்தான் இது பற்ற மறுக்கிறது என்று அவன் உம் எழுத்தரிடம் பணிவோடு சொல்லியிருக்கிறான். உம் எழுத்தர் சொன்ன மறுமொழியைச் சொல் மாறாமல் எழுதுக என்று எம் ஓலை எழுதுவானுக்குக் கட்டளையிட்டுள்ளோம். "ஒங்க மலையில பனி பெய்யிறதுக்கு நாங்க என்னய்யா பண்ண முடியும்? துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. பிடிக்கிற கைதான் எப்படியோ, யாரு கண்டா?" என்று அவர் சொல்லிச் சிரிக்க, அருகில் இருந்தவர்களும் சிரித்தனராம். தென்னன் இதை எம்மிடம் சொல்லவே மூன்று நாள் எடுத்துக்கொண்டான்.

துப்பாக்கி சென்ற பங்குனியில்தான் திரும்பி வந்தது. உம் சாலையின் முற்றத்தில், உச்சிப் பொழுதில், எட்டு முறை சுட்டுப் பார்த்ததாகவும், எட்டு முறையும் வெடித்ததாகவும், பிழை ஏதும் இல்லை என்றும் ஓலை சொன்னது. கட்டையில் புதிதாக ஒரு மயில் செதுக்கப்பட்டிருந்தது. எமக்கு நேர்ந்த சிரமத்துக்காக அந்த மயில் என்று எழுதியிருந்தீர். மயில் அழகாகவே இருக்கிறது. யாம் மயில் கேட்கவில்லை.

பிழையில்லை என்ற ஓலையில் உம் பேரரசின் முத்திரை இருந்தது. எம் முத்திரையைப் பிறர் எவ்வாறு நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ, அவ்வாறே யாமும் உம் முத்திரையை நம்பினோம். சித்திரை வெயிலில் சுட்டுப் பார்த்தோம். நன்றாகவே வெடித்தது. எம் தவறு இங்கேதான் தொடங்குகிறது. அதை மறைக்க மாட்டோம்.

சென்ற கார்த்திகையில், ஒற்றைக் கோரையன் என்று எம் மக்கள் பெயரிட்ட காட்டுப்பன்றி ஒன்று தினைக்கொல்லைகளில் இறங்கியது. ஒரு பக்கக் கோரைப்பல் முறிந்த, கன்றுக்குட்டி அளவு உடம்புள்ள விலங்கு. ஏழு கொல்லைகளை உழுது போட்டது. காவலுக்கு நின்ற ஒருவனைத் தொடையில் கிழித்தது; அவன் இன்றும் கோலூன்றி நடக்கிறான். இத்தகைய விலங்கு இறங்கினால் முகட்டம்மன் முன் காப்புக் கட்டுவது எம் நாட்டு வழக்கம். எம் குடியின் தலைவன் தான் ஏந்தப் போகும் ஆயுதத்தை அம்மன் காலடியில் வைத்து மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டிக்கொள்வான். அந்த ஆயுதத்தால் அந்த விலங்கு விழும் வரை நாட்டில் எவரும் எல்லைக் கல்லைத் தாண்டலாகாது. உரலில் உலக்கை விழலாகாது. மணச் சடங்கு நடக்கலாகாது. வைத்த ஆயுதத்தின் மேல், அதைச் செய்தவன் கையன்றி வேறு எவர் கையும் கருவி கொண்டு படலாகாது.

எம் வீட்டில் பாட்டன் காலத்து ஈட்டி இருக்கிறது. பூசாரி உதிரனார் அதையே வைக்கச் சொன்னார். யாம் உம் துப்பாக்கியை வைத்தோம். நாடு முழுதும் கூடி நின்றது. எம் பங்காளி கோடனும் நின்றான். வெள்ளிக் கொடி ஓடிய குழலை அவன் பார்க்க வேண்டும் என்று யாம் விரும்பினோம். வேறு காரணம் சொன்னால் அது பொய்யாகும்.

எம் முன்னோர் காலத்தில் காப்பு ஒன்பது நாளைத் தாண்டியதில்லை. இன்று அறுபத்தொன்றாம் நாள்.

ஒன்பதாம் நாள் விடியலில், நாற்பது அடி தொலைவில், பன்றி எமக்குப் பக்கவாட்டில் நின்றது. விசையை இழுத்தோம். கல் தட்டியது. மருந்து சீறியது, வெடிக்கவில்லை. பன்றி தலையைத் திருப்பி எம்மைப் பார்த்துவிட்டுக் கிழங்கைத் தோண்டத் தொடங்கியது. யாம் துப்பாக்கியைத் தாழ்த்திய பின் குழல் வெடித்துப் பாறையில் பட்டது. அதன்பின் ஆறு விடியல்களில் அவ்வாறே நடந்தது. ஒரு நாள், பறை தட்டி விலங்கை விரட்டும் தட்டுக்காரர்கள் புதருக்கு அப்பால் பேசிக்கொண்டது எம் காதில் விழுந்தது. "பன்னிக்கு இப்ப பயமே விட்டுப்போச்சுடா. துப்பாக்கியப் பாத்தா நின்னு வேடிக்கை பாக்குது" என்றான் ஒருவன். "அண்ணன் துப்பாக்கிக்கு நாள் நட்சத்திரம் பாத்துத்தான் மருந்து போடணும் போல" என்றது கோடனின் குரல். யாம் கேளாதவர் போல நடந்தோம். கேளாதவர் போல நடப்பது இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டது.

குறை எங்கே என்று எம் கொல்லன் தொடாமலே கண்டுபிடித்துவிட்டான். கிண்ணியின் மூடி ஒரு நக அளவு பொருந்தாமல் நிற்கிறது. அந்த இடைவெளியில் பனி இறங்கி மருந்தை நனைக்கிறது. உம் முற்றத்து உச்சி வெயிலில் அது எப்படித் தெரியும்? "ஒரு அரத்தக் குடுங்க சாமி, அரை நாழியில சரி பண்ணிப்புடுறேன்" என்றான். காப்புக்குள் அவன் கை அதில் படலாகாது. படவிட்டால் இத்தனை நாள் மக்கள் காத்தது எதற்கு?

ஆகவே மூன்றாம் ஓலையில், துப்பாக்கியைச் செய்தவரை ஒரு நாள் இங்கே அனுப்புமாறு கேட்டோம். சாலையின் கம்மியர் வெளியே செல்வதில்லை என்றும், துப்பாக்கி எவர் பெயரில் செய்யப்பட்டதோ அவரே அதைக் கொண்டுவந்து உம் முன் சுட்டுக் காட்ட வேண்டும் என்றும் மறுமொழி வந்தது. யாம் எல்லைக் கல்லைத் தாண்ட முடியாது என்பதை நான்காம் ஓலையில் விரிவாக எழுதினோம். அதற்கு வந்த மறுமொழியில் எம் கேள்விக்கு விடை இல்லை. உம் சாலையின் பணியில் மனநிறைவு கொண்டோம் என்று கைச்சாத்திட்டு அனுப்ப வேண்டும் என்று மட்டும் இருந்தது. கைச்சாத்து இடுவதற்கு இடமும் விட்டிருந்தீர்.

ஏனாதியாரே, இதுவரை எழுதியது சினத்தில் எழுதியது. இனி எழுதுவது வேறு.

நேற்று முன்தினம், எல்லைக் கல்லுக்கு அப்பால் ஓடைக் கரை ஊரில் ஒரு முதியவள் இறந்தாள். அவள் மகள் வெண்ணி இப்பக்கம் வாழ்க்கைப்பட்டவள். செய்தி கேட்டு அவள் கல் வரை ஓடினாள். கல்லின் இப்பக்கமே நின்றுவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் சுடுகாடு தெரியும். தாயின் சிதையில் எழுந்த புகை அடங்கும் வரை அவள் நின்றாள். யாம் அங்கே சென்றோம். போகச் சொல்லும் உரிமை எமக்கு இல்லை. ஆயினும், போகிறாயா என்று கேட்டோம். "நான் தாண்டுனா ஒங்க காப்பு கெட்டுப்போயிருமே சாமி. ஒங்க பேருக்கு அது நல்லாவா இருக்கும்?" என்றாள். அவள் அதைப் பழித்துச் சொல்லவில்லை. மெய்யாகவே எம் பெயருக்காகக் கவலைப்பட்டாள்.

அறுபத்தெட்டு ஆண்டுகள் எம் பெயரை யாம் காத்ததாக எண்ணியிருந்தோம். அதைக் காத்தவர்கள் இவர்கள். ஊறவைத்த தினையைத் தின்றுகொண்டு, கல்லுக்கு இப்பால் நின்றுகொண்டு காத்திருக்கிறார்கள்.

பூசாரி உதிரனாரிடம் சென்று, காப்பு அவிழ வேறு வழி உண்டா என்று கேட்டோம். முன் ஒருபோதும் எம் குடியில் எவரும் கேளாத கேள்வி அது. இரண்டு வழிகள் உண்டு என்றார். ஆயுதம் பிழையானது என்று செய்தவரே முத்திரையிட்டு எழுதினால், அம்மன் முன் வைத்தது ஆயுதமே அல்ல. காப்பு தானாக அவிழும். ஏந்திய கை பிழையானது என்று செய்தவரே முத்திரையிட்டு எழுதினாலும் காப்பு அவிழும். ஆனால் முதல் வேட்டை உரிமை அந்தக் கையை விட்டு, அடுத்த பங்காளி குடிக்குப் போகும். பிறகு திரும்பாது. தன் கை பிழை என்று தானே சொல்லிக்கொண்டு ஒரு தலைவன் தப்புவதை அம்மன் ஏற்பதில்லையாம். செய்தவர் சாட்சி வேண்டும். உம் எழுத்தரின் சிரிப்பு சாட்சி ஆகாது, முத்திரை வேண்டும்.

ஆகவே, செய்தவரை அனுப்புமாறு இனிக் கேட்கவில்லை. யானையைத் திருப்பிக் கேட்கவில்லை. வேறு துப்பாக்கியும் கேட்கவில்லை. இவ்வோலையோடு இரண்டு ஏடுகளை எம் செலவிலேயே எழுதிச் சேர்த்துள்ளோம். ஒன்றில், மூடி பொருந்தவில்லை, பிழை எம் சாலையினது என்று எழுதியிருக்கிறது. மற்றதில், துப்பாக்கி நன்று, பெருஞ்சாத்தன் கை பிழைத்தது என்று எழுதியிருக்கிறது. இரண்டில் ஒன்றில் உம் முத்திரையை வைத்துத் தை நிறைமதிக்குள் திருப்பி அனுப்புக. ஒன்றையும் அனுப்பாதிருத்தல் மட்டும் வேண்டா. அதை யாம் தாங்கினாலும் இம்மக்கள் தாங்கார்.

எது உண்மை என்று நீர் அறிய விரும்பினால், உம் சாலையில் இதே அச்சில் செய்த மற்றொரு துப்பாக்கியைப் பனி இறங்கும் ஒரு விடியலில் எடுத்துச் சென்று சுட்டுப் பார்க்கலாம். விரும்பாவிட்டால் வேண்டா. அதற்காக முத்திரையைத் தாமதப்படுத்த வேண்டா.

எம் நாட்டார் எவரும் கல்லைத் தாண்டலாகாததால், சென்ற இரண்டு ஓலைகளையும் போலவே, ஓடைக்கு அப்பால் நிற்கும் உப்பு வணிகர் ஆதனிடம் இந்த ஓலைக்கட்டை மூங்கில் கழியின் கவையில் வைத்து நீட்டுகிறோம். மறுமொழியை அவர் வசமே கொடுத்தனுப்புக. வழியில் அவருக்கும் அவர் கழுதைகளுக்கும் உம் காவலர் இடர் செய்யாதிருக்க ஆணையிடுக.

பேரரசு ஒன்று தன் பிழையைத் தானே எழுதி முத்திரையிடுவது அரிது என்பதை யாம் அறிவோம். பிறர் கையின் பிழையை எழுதுவது எளிது. உமக்கு எளிதாக இருக்கும் பொருட்டு அந்த ஏட்டையே கட்டின் மேலாக வைத்திருக்கிறோம். கோடன் நல்ல ஈட்டிக்காரன். அவன் கையில் பன்றி விழும்.

காப்புக் கட்டிய அறுபத்தொன்றாம் நாள், கொடுங்குன்றத்து எல்லைக் கல்லருகே இருந்து, யாம் சொல்ல ஓலை எழுதுவான் எழுதினான். முதல் வேட்டை உரிமையுள்ள குடியின் அரக்கு முத்திரையை எம் கையாலேயே இட்டோம்.