தேறின பிள்ளை

ஆவணி, இரண்டாவது வியாழன்

இன்று மகள் அபிக்கு முதல் ஊசி போட்டார்கள். பதினைந்து வயதுதான். ஒரு வருடமாகச் சோற்றைக் குறைத்தும் நடந்தும் எடை இறங்கவில்லை, இரத்தத்தில் சீனியும் கூடத் தொடங்கிவிட்டது. கிழமைக்கு ஒருமுறை ஊசி. குமட்டும், வயிறு கடுமையாக வலித்தால் உடனே கொண்டு வரவேண்டும் என்றார் டாக்டர்.

"இருபது வருஷம் போக என்ன செய்யும், டாக்டர்?"

"அது இன்னும் ஒருத்தருக்கும் முழுசாத் தெரியாதம்மா. சும்மா விட்டா சீனி என்ன செய்யும் எண்டு நல்லாத் தெரியும்."

பதற்றத்தில், "அப்ப இந்த ஊசியோட பிள்ளை தேறிடுவாளோ?" என்று கேட்டுவிட்டேன்.

அபி சிரித்தாள். "தேறினதாலதானே அம்மா இஞ்ச வந்தனாங்கள்!"

டாக்டரும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மூன்று வயதில் அவள் ஈர்க்கில் மாதிரி இருந்தாள். கிளினிக் அட்டையில் எடைக்கோடு ஏறவே ஏறாது. பின்னேரங்களில் கடற்கரைக்குக் கொண்டுபோய், துறைமுகத்துக்கு வரும் கப்பலைக் காட்டி, கப்பலுக்கு ஒரு வாய் என்று ஊட்டுவேன். கப்பல் வராத நாளில் தோணியையும் கப்பல் என்று பொய் சொல்வேன். "பிள்ளை தேறிட்டாள், கன்னம் வைச்சிட்டுது" என்று பக்கத்து வீட்டு அக்கா முதன்முதலாகச் சொன்ன அன்று, அம்மன் கோயிலுக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தேன்.

இரவு பிட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள். மிச்சப் பிட்டுக் கிடந்த கோப்பையைப் பார்த்தபடி நின்றேன், அவ்வளவுதான்.

கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கப்பல் காட்டாதேங்கோ அம்மா."