போத்தனூர் டுடோரியலில் நான் சேரப்போகிற சேதி

அன்புக் கண்ணு பிரீத்திகாவுக்குப் போத்தனூரிலிருந்து சித்தப்பன் வெங்கடபதி எழுதுவது. இங்கே நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கறேன், டேராடூன் குளிரில் நீ எப்படி இருக்கறயோன்னுதான் கவலை, மப்ளர் கட்டாம வெளியே போகாதே அம்மணி. போனில் சொன்னால் மீட்டிங்குன்னு வெச்சுப்போடுவே, அதுதான் கடுதாசி. உங்க சித்தி போய்ச் சேர்ந்து வருசமாச்சு, சாயந்தரமானா ஊட்டுல டிவி மட்டும் பேசுது, நான் பதில் சொன்னாக் கேக்கறதில்லை. அதனால பத்தாவது பரீட்சை எழுதிப்போடலாம்னு பெரியவங்களுக்குச் சொல்லித்தர்ற இடமாத் தேடினேன், உக்கடத்துலிருந்து காரமடை வரைக்கும் நூறு இடம் ஏறி இறங்கியிருப்பேன், சரி, நாலு. நான் எட்டாவதோட நின்னப்ப ஹெட்மாஸ்டரே அழுதாருன்னு உனக்குத்தான் தெரியுமே.

கடைசியில நம்ம ஸ்டேசன் பக்கமே ஒரு டுடோரியல் கிடைச்சுது. அங்கே லாஸ்யான்னு ஒரு புள்ளை, ஏனுங்க யாரைச் சேர்க்கோணும்னு கேட்டுது. எனக்குத்தான்னு சொல்ல வாய் வரலை, எம் புள்ளையைன்னு சொல்லிப்போட்டேன். பேர் கேட்டுது, உன் பேரைச் சொன்னேன். எம்.எஸ்ஸி. படிச்ச உன்னைப் பத்தாவதுல சேர்த்துப்போட்டேன், கோவிச்சுக்காதே. அப்புறம் தினம் போன் பண்ணி, உங்க பாப்பா ஏனுங்க இன்னிக்கும் வரலைன்னு கேட்டுது. வந்துருவாங்க, வழியில இருக்கறாங்கன்னு நானும் சொல்லிட்டே இருந்தேன். நாலாம் நாள் அப்படிச் சொல்லிப்போட்டு, நானே வாசலை எட்டிப் பார்த்தேன் கண்ணு.

அடுத்த நாளே போய் உண்மையைச் சொன்னேன். வாத்தியார் ஜெரோம், அறுபத்திரண்டு வயசுக்கு எங்க பெஞ்சு சரிப்படுங்களான்னார். மரப்பட்டறையில ஆயிரம் பெஞ்சு செஞ்சவனுங்க நான்னேன், எந்திரிச்சு நின்னு கை குடுத்தார். உன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதினாங்க, பேர் தெரியறாப்பல மெல்லக் கோடு போடுங்கன்னேன். பாரத்துல பாதுகாவலர் கையெழுத்துன்னு ஒரு இடம். உங்க வயசுக்கு அது வேண்டாங்க, காலியா உட்டுருங்கன்னு லாஸ்யா சொல்லுச்சு. எனக்கென்ன ஆளில்லையா, டேராடூனையே கட்டி ஆள்றா எங்க அம்மணின்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்.

நோய் நொடியில்லாம, மேலதிகாரி மெச்ச நல்லா இரு. பாரத்தை இதோட வெச்சிருக்கறேன், இருபதாம் தேதிக்குள்ள போய்ச் சேரோணும், மறக்காமக் கையெழுத்துப் போட்டு ஸ்பீடு போஸ்ட்டுல அனுப்பு. கீழே உறவு முறைன்னு கேட்டிருக்கறாங்க. அண்ணன் மகள்னு எழுதாதே, மகள்னு எழுது.

உன் சித்தப்பன்
வெங்கடபதி