சீஸ் தட்டை எடுத்துவிட்டேன்

பிரியோனெஸ்,
பிப்ரவரி, 1964

அன்பிற்குரிய எவாரிஸ்தோவுக்கு,

உங்கள் காசில்தா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் சுகம். மகள் நியேவெசுக்கு இருமல் விட்டுவிட்டது; இப்போது வாய் மூடுவதில்லை. ஹனோவர் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். பெட்டிக்குள் பத்திரப்படுத்தாமல் காலில் போடுங்கள்.

இந்த வருட ஒயின் விலை போகாவிட்டால் தொழிற்சாலையில் இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆரோ நகரத்திலிருந்து ஒயின் வியாபாரி தோன் லெயாந்த்ரோ வந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

நான் நிலவறையில் பீப்பாயிலிருந்து ஜாடிக்கு ஒயின் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே மாமா, வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு உட்கார வைப்பதா என்று பெரிய சீஸ் துண்டை வெட்டித் தட்டில் வைத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் ஒயின் விற்ற மனிதர்! விற்கிறவன் சீஸை நீட்டினால் ஒயினில் குறை இருக்கிறது, நாக்கை மழுக்கப் பார்க்கிறான் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நான் படியேறி வந்தபோது தோன் லெயாந்த்ரோ புறப்படத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். "சீஸெல்லாம் பலமா இருக்கே பெரியவரே, ஒயின் புளிச்சுப் போச்சா?" என்று கேட்டார். மாமாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். "தண்ணி ஊத்தி வாயக் கொப்பளிங்கய்யா. ஆப்பிள் தர்றேன், கடிச்சுட்டுக் குடிங்க. நல்லா இல்லேன்னா வாசல் வரைக்கும் நானே வந்து வழியனுப்புறேன்" என்றேன். அவ்வளவு வாய் எங்கிருந்து வந்ததோ! ஆப்பிளைக் கடித்தால் ஒயினின் சின்னக் குறையும் பளிச்சென்று தெரிந்துவிடும். வாங்குகிறவர்கள்தான் அதைப் பையில் கொண்டுவருவார்கள். விற்கிறவர் யார் தருவார்? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடித்தார், குடித்தார். துப்பவில்லை. மறுபடியும் ஊற்றச் சொன்னார்.

யார் போட்ட ஒயின் என்று கேட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம் பையன் போட்டது" என்றார். பையன் எங்கே என்றதற்கு, ஜெர்மனியில் இரண்டு வருடமாக இருப்பதாகச் சொன்னார். "அங்கேருந்தே காலை நீட்டித் திராட்சைய மிதிச்சாராக்கும்!" என்று அவர் சிரிக்க, மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாக, "மருமக போட்டதுங்க. மிதிச்சதும் இவதான், சாறு நொதிச்சுப் பொங்குறப்ப தூங்காமப் பார்த்துக்கிட்டதும் இவதான்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் தெரியுமா? அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதன்பின் அந்த மனிதர் கிளம்பவே இல்லை. கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளை முற்றத்தில் எரித்து, தணலில் ஆட்டுக்குட்டி விலாக்கறி சுட்டேன். உப்பு மட்டும்தான். கூடவே சோரிசோத் தொத்திறைச்சி போட்ட உருளைக்கிழங்குக் குழம்பு, சுட்ட குடமிளகாய். "இந்தக் கறிக்குன்னே பொறந்த ஒயினும்மா இது. கொழுப்பு நாக்குல ஒட்டுது, ஒரு மடக்கு உள்ள போனா அலம்பி விட்டுடுது" என்று எலும்பைச் சூப்பியபடியே சொன்னார். மீன் வறுக்கும் அன்று இதைத் திறக்கவே கூடாது என்று உபதேசம் வேறு. புறப்படும்போது மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகக் கைகொடுத்தார், மாமாவுக்கு அல்ல, எனக்கு! அடுத்த அறுவடை ஒயினும் தனக்கே வேண்டுமாம்.

மாமா திடமாகத்தான் இருக்கிறார், ஆனால் இனி அவரால் சுமக்க ஆகாது. திராட்சை நிறைந்த மரத்தொட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சினேன். இந்த வருடம் நான் யாரையும் கூப்பிடப் போவதில்லை. தொழிற்சாலை மேஸ்திரி கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டும்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்: தொட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்வேன்.

கடவுள் உங்களுக்கு வழித்துணையாக வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் காசில்தா