பெர்மனெண்ட் கேக், கான்ட்ராக்ட் கேக்

புதுச்சேரி
3 டிசம்பர் 2025

அன்புத் தோழி தனத்துக்கு,

கார் நல்லபடியாக வந்துசேர்ந்தது, கூடவே நானும். அண்ணனின் பழைய வண்டி கடலூர் தாண்டி இரண்டு முறை மக்கர் செய்தது. பக்கத்து சீட்டில் நீ இருந்திருந்தால் இறங்கித் தள்ளியிருப்பாய்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் மாமனார் ஹாலில் உட்கார்ந்திருப்பார், நீ "ம்", "சரி" என்று மட்டும் சொல்லுவாய். முட்டை என்ற சொல்லே நுழையாத வீடு உன் வீடு. அதனால்தான் எதிர்வீட்டுக் கனகம் அக்கா பெயருக்குக் கூரியரில் கடிதம். பள்ளிக்கூடத்தில் சீட்டு எழுதிக்கொண்ட நாள் மாதிரி இருக்கிறது.

இன்று மூன்று பேக்கரி, ஏழு கப் கேக். முட்டை போட்டது பஞ்சு. முட்டை போடாததைச் சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் காயம். "முட்டையில்லாமல் இதே மாதிரி வராதா?" என்று ஒரு பேக்கரிக்காரரைக் கேட்டேன். "தண்ணியில்லாம நீச்சல் கத்துக்கணும்ங்கிறீங்க" என்றார்.

உன் மாமனார் வடலூரில் தன் டீக்கடை இடத்தை நமக்குக் கொடுத்தபோது வைத்தது ஒரே நிபந்தனை: முட்டை அந்த வாசப்படி ஏறக் கூடாது. முப்பது வருஷமாக வள்ளலார் வழியில் இருக்கிற மனிதர் கேட்கிறார், மறுக்க முடியுமா? சென்னை, பெங்களூரு, கோவை என்று சுற்றினால் ஒருத்தராவது சரியாகச் செய்யாமலா போவார்? தைப்பூசத்துக்குள் நம் கேக் கடையைத் திறந்தாக வேண்டும்.

நோட்டில் நம் நெய்வேலி பாஷையில்தான் குறித்துவைக்கிறேன். முட்டை இல்லாதது பெர்மனெண்ட், நம் கடையில் நிலைக்கப் போவது. முட்டை உள்ளது கான்ட்ராக்ட், ருசி பார்த்துவிட்டு வெளியே அனுப்பிவிடுவோம். எப்படி?

பெங்களூரில் சித்தி வீட்டு முகவரிக்கு எழுது.

வயிறு நிறைந்த
சங்கீதா


நெய்வேலி
6 டிசம்பர் 2025

பிரியமுள்ள சங்கீதாவுக்கு,

கனகம் அக்கா உன் கடிதத்தை முறத்துக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். குளியலறையில் நின்று படித்தேன். சுவரில் எறிகிற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். "என்னாமா ஆச்சி?" என்று மாமா வெளியிலிருந்து கேட்கிறார்.

உன்னோடு வந்திருக்கலாம் என்று தினமும் தோன்றுகிறது. பிள்ளை இளவேனிலுக்கு அரையாண்டுத் தேர்வு, இவருக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். நான் இல்லையென்றால் இந்த வீட்டில் உப்பு டப்பாவைக்கூடக் கண்டுபிடிக்க ஆளில்லை.

மாமாவுக்குக் கடைமேல் நம்மைவிட ஆசை. நேற்று தீவிரமாகக் கேட்டார்: "கப்பு கேக்குன்னா கப்பையும் சேத்துக் குடுத்துருவீங்களா, கழுவி வாங்கிப்பீங்களா?" டீக்கடைக்காரர் கேள்வி! காகிதக் கப் என்று விளக்கிய பிறகுதான் நிம்மதியானார்.

உன் பெர்மனெண்ட், கான்ட்ராக்ட் கேலி மட்டும் அவர் காதில் விழ வேண்டாம். டீக்கடைக்கு முன்னால் இருபத்தாறு வருஷம் மைன்ஸில் கான்ட்ராக்டாகவே இருந்து வெளியே வந்தவர். மகன் பெர்மனெண்ட் ஆனதால் கிடைத்த குவார்ட்டர்ஸ் இது. இன்றைக்கும் மகனோடு வேலைசெய்கிற பெர்மனெண்ட் ஆட்கள் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

எனக்கு இந்தக் கடை வேண்டும், சங்கீதா. ஒன்பது வருஷமாக ஷிப்டுக்கு ஷிப்ட் டிபன் பாக்ஸ் கட்டுகிறேன். நான் செய்ததை யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள் வாங்கிச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எப்படியாவது கண்டுபிடித்துக்கொண்டு வா.

உன்
தனம்


பெங்களூரு
9 டிசம்பர் 2025

என் அருமைத் தனம்,

சென்னையில் ஐந்து கடை, இங்கே நான்கு. தயிர் போட்டது, சோடா ஊற்றியது, ஆப்பிள் கூழ் கலந்தது எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றில் வாழைப்பழ வாசனை, கல்யாணம் முடிந்த பந்தல் மாதிரி. சித்தி என்னைப் பார்த்து, "ஒரு சுத்து பெருத்துட்டே" என்கிறாள்.

இன்று ஒரு சின்னக் கடையில் ஆரஞ்சுத் தோல் சீவிப் போட்ட கப் கேக் சாப்பிட்டேன். வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். என்ன செய்ய, அது கான்ட்ராக்ட். அதே கடையின் முட்டையில்லாதது சுமார்தான், இருந்தாலும் இதுவரை பார்த்ததில் அதுதான் தேவலை.

இரண்டிலும் மும்மூன்று வாங்கி, மேலே சீட்டு ஒட்டி, காலையிலேயே கனகம் அக்கா பெயருக்கு அனுப்பிவிட்டேன். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டையும் சாப்பிட்டுப் பார். எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்று உனக்கும் தெரிய வேண்டும். பதிலைக் கோவைக்கு, என் பழைய ஹாஸ்டலுக்கு அனுப்பு.

சங்கீதா


நெய்வேலி
12 டிசம்பர் 2025

சங்கீதா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பெட்டி நேற்றுக் காலை வந்தது. கனகம் அக்கா காதுகுத்துக்குத் திருவதிகை போயிருக்கிறார். வீடு பூட்டியிருந்ததால் கூரியர்காரர் எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டார். வாங்கியது மாமா. அனுப்புநர் இடத்தில் உன் பெயரைப் பார்த்து, நம் கடைச் சாமான் என்று பிரித்துவிட்டார். உன் கடிதம் மாலையில்தான் வந்தது, அதை நானே வாங்கிக்கொண்டேன்.

நான் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தபோது பெட்டி அவர் மடியில் இருந்தது. சீட்டுகளைப் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "தோ பாரு தனம், கேக்குலகூட பெர்மனெண்டு, கான்ட்ராக்ட்டு வச்சிக்கிறா உன் சினேகிதி! பெர்மனெண்ட உன் வூட்டுக்காரனுக்கு எடுத்து வையி. நான் கான்ட்ராக்ட்டுக்காரன், எனக்கு இதான்" என்று சொல்லிக்கொண்டே காகிதத்தை உரித்தார்.

"மாமா" என்றேன். கையை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்னாமா?" என்றார்.

"தண்ணி கொண்டாரட்டுமா?" என்று கேட்டேன்.

அந்த நொடியில் எனக்குக் கடைதான் ஞாபகம் வந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன். சொல்லிவிட்டால் கடை போய்விடும் என்று நினைத்தேன். அவர் முழுதையும் சாப்பிட்டார். காகிதத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார். "பல்லு போனவனுக்குன்னே செஞ்ச மாரிக்கீது. இதையே போடுங்க நம்ம கடையில" என்றார்.

மீதி இரண்டையும் எறும்பு மொய்த்துவிட்டது என்று பொய் சொல்லிக் குப்பையில் போட்டேன். "தட்டிட்டுத் தின்னிருப்பேனே" என்று வருத்தப்படுகிறார். இனி நான் என்ன செய்வேன்? சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

தனம்


கோயம்புத்தூர்
15 டிசம்பர் 2025

தனம்,

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு வாய் கேக் இறங்கவில்லை. என் விளையாட்டுப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனால் தயவுசெய்து சொல்லாதே. தெரியாமல் சாப்பிட்டதில் அவருக்கு என்ன குறை? தெரிந்தால்தான் வேதனை. அந்த ஆரஞ்சு கேக் போலவே முட்டையில்லாமல் ஒன்று கிடைத்துவிட்டால், அவர் சாப்பிட்டது இதுதான் என்று கொடுத்துவிடலாம். இங்கே ஆறு கடை ஏறி இறங்கிவிட்டேன். ஒருவர் ஆளிவிதை அரைத்துப் போடச் சொன்னார், இன்னொருவர் சிரித்தார். கிடைக்கவில்லை.

சேலத்தில் அத்தை வீட்டில் ஒரு வாரம் இருப்பேன். அங்கேயும் பார்த்துவிட்டு வருகிறேன். அதுவரை வாயைத் திறக்காதே. வந்து பழியை என் தலையில் போட்டுக்கொள்கிறேன்.

சங்கீதா


நெய்வேலி
20 டிசம்பர் 2025

அன்புள்ள சங்கீதாவுக்கு,

நான் சொல்லிவிட்டேன்.

நேற்று முன்தினம் மாமா என்னைக் கூப்பிட்டு, தைப்பூசத்தன்று ஜோதி பார்க்க வருகிற தன் சன்மார்க்க நண்பர்களுக்கு நான்கு டஜன் வேண்டும் என்றார். "அந்த கான்ட்ராக்ட் கேக்குதான், மாத்திப்புடாத" என்றார். அவர் கையாலேயே அவர்களுக்கெல்லாம் கொடுக்கப் போகிறார். இதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது? நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. குழாயடிக்குப் போனார். சாப்பிட்டு ஏழு நாளாகிவிட்டது, ஆனாலும் வாயைக் கொப்பளித்தார், திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். பிறகு துண்டால் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார். "நான் திங்கிறப்ப நீ பாத்துக்கினுதானமா இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருந்தா துப்பியிருப்பேனே."

காலைப் பிடித்து அழுதேன். தூக்கிவிட்டார். கடையைக்கூடத் திரும்பக் கேட்கவில்லை. "குடுத்தது குடுத்ததுதான், நீ தெறந்து நடத்து" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வாசப்படியில் என்னால் இனி கால் வைக்க முடியாது. நீ பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ இடம் பார்த்துக்கொள், வேறு ஆளைச் சேர்த்துக்கொள். உன்மேல் எனக்குக் கோபமில்லை. சீட்டு ஒட்டியது நீ, சும்மா நின்றது நான். கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம். உன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு அந்தப் பெட்டிதான் தெரிகிறது.

மாமா வழக்கம்போல என் கையால்தான் சாப்பிடுகிறார். முகம் சுளிக்கவில்லை, பேச்சு குறைக்கவில்லை. தட்டை வைத்ததும் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "இதுல என்னாமா போட்டுக்கிற?" என்று கேட்கிறார். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கேட்டுக்கொண்ட பிறகுதான் கை வைக்கிறார். இன்று காலை வெந்நீர் கொடுத்தேன். அதற்கும் கேட்டார்.

தனம்